பவுனில் ஒரு கையெழுத்து

தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் முதலில் பெயர் வைப்பார்கள், அப்புறம் பவுன் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். சில வீடுகளில் இந்த வரிசை மாறுவதும் உண்டு.

காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்திலும் நாம் பார்த்துவிடுகிற எண் ஒன்று உண்டென்றால் அது பவுன் விலை. தங்கச்சிக்கு வரன் பார்க்கிறவர், தனக்கே பார்க்கச் சொல்லி ஜாடைமாடையாக இருமுகிறவர், கல்யாணமாகி நகையை அடகில் வைத்துவிட்டவர் என்று எல்லோருக்கும் அது வேண்டியிருக்கிறது. இன்றைய விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை. இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அது என்னைப் பொய்யனாக்கிவிடும்.

என் கேள்வி வேறு. பவுன் என்றால் ஏன் 8 கிராம்? பத்து என்று முழுசாக வைத்துக்கொண்டிருக்கலாமே? வடக்கே 'தோலா' என்று சுமார் 11.66 கிராமில் கணக்குச் சொல்கிறார்கள். நம் பாட்டன்மார் குன்றிமணி, மஞ்சாடி, கழஞ்சு என்று அளந்தவர்கள். இந்த எட்டு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

லண்டனிலிருந்து வந்தது சார். 'பவுண்டு' என்பது நம் வாயில் பவுன் ஆயிற்று. 'சாவரின்' என்கிற ஒரு பவுண்டு தங்கக் காசு சவரன் ஆயிற்று. அந்தக் காசின் எடை 7.988 கிராம், 22 காரட். நாம் ரவுண்டு பண்ணி எட்டாக்கிக்கொண்டோம். நூறு பவுன் போடுகிற வீட்டில் இந்த ரவுண்டு பண்ணியதில் வரும் வித்தியாசம் சுமார் 1.2 கிராம்தான். அதற்காக மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரும் சண்டைக்குப் போகவேண்டாம். அவர்களுக்குச் சண்டை போட வேறு காரணங்கள் கைவசம் இருக்கும்.

ஆக நம்முடைய பவுன் ஒரு எடையாவதற்கு முன்னால் ஒரு காசாக இருந்தது. அந்தக் காசில் ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தை ஒருத்தர் செய்திருக்க வேண்டும், இல்லையா? அவரைப் பற்றித்தான் இந்த வாரம்.

* * *

பெயர் ஜோசப் எட்கர் போம். 1834-ல் வியன்னாவில் பிறந்தவர். ஹங்கேரி வழிக் குடும்பம், வீட்டில் ஜெர்மன் பேச்சு. அப்பா ஜோசப் டேனியல் போம், ஆஸ்திரிய அரசின் நாணயச் சாலையில் பெரிய பதவியில் இருந்த பதக்கச் சிற்பி. நம் ஊரில் பத்தர் மகன் ஊதுகுழலோடு விளையாடி வளர்வதைப்போல, இந்தப் பையன் மெழுகு, களிமண், எஃகு அச்சு என்று புழங்கி வளர்ந்திருக்கிறான்.

பதினாலு வயதில் லண்டனுக்கு வந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் கிரேக்கத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த பார்த்தினான் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் உட்கார்ந்து படித்தார். அப்புறம் இத்தாலி, பாரீஸ் என்று சுற்றிவிட்டு, 1856-ல் வியன்னாவில் அரசுப் பரிசு வாங்கினார். 1862-ல் லண்டனிலேயே குடியேறினார். மூன்று வருஷத்தில் பிரிட்டிஷ் பிரஜை.

அதன்பின் அவருக்கு ஏறுமுகம்தான். விண்ட்சர் கோட்டைக்கு விக்டோரியா ராணியின் பெரிய சலவைக்கல் சிலை ஒன்று செய்து கொடுத்தார். ராணிக்குப் பிடித்துப்போயிற்று. ராணிக்குப் பிடித்துவிட்டால் கேட்க வேண்டுமா? ஆஸ்தான சிற்பி ஆனார். ராணியின் மகள் இளவரசி லூயிஸ் இவரிடம் சிற்பம் கற்றுக்கொள்ள வந்தார். 1889-ல் 'சர்' பட்டத்தோடு கூடிய பாரனெட் பட்டம், அதுவும் பரம்பரைப் பட்டம், கிடைத்தது.

லண்டன் போகிற அதிர்ஷ்டம் உங்களுக்கு ஆபீஸ் செலவில் கிடைத்தால், இவர் கைவேலையைப் பார்க்காமல் தெருவில் நடக்க முடியாது. ஹைட் பார்க் மூலையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற வெலிங்டன் பிரபு, நாலு மூலைக்கும் நாலு சிப்பாய்களோடு (1888), இவர் செய்தது. இந்த வெலிங்டன்தான் இளவயதில் ஆர்தர் வெல்லெஸ்லியாக 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்றவர். தேம்ஸ் கரையில் நாற்காலியில் சாய்ந்து யோசிக்கிற கார்லைல் (1882) இவருடைய நல்ல வேலைகளில் ஒன்று. பிளைமவுத் கடற்கரையில் கடலைப் பார்த்து நிற்கிற டிரேக் இவருடையது.

இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கிற சார்லஸ் டார்வினும் (1885) இவர் செய்ததே. அந்த டார்வினின் கதை கொஞ்சம் தமாஷ். பிரமாதமாகப் படிக்கட்டின் நடு மேடையில் வைத்தார்கள். 1927-ல், அவருக்கு ஆகாதவரான ரிச்சர்டு ஓவனின் சிலையை அங்கே வைப்பதற்காக டார்வினை நகர்த்திவிட்டார்கள். திரும்ப அதே இடத்துக்கு வந்தது அவருடைய இருநூறாவது பிறந்த வருஷத்தை ஒட்டித்தான். எண்பது வருஷத்துக்கு மேல்! டிரான்ஸ்பர் ஆர்டருக்காகக் காத்திருக்கும் அன்பர்கள் இதிலிருந்து ஆறுதல் பெறலாம்.

* * *

லண்டன் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? சென்னைக்கு வாருங்கள். சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் வளாகத்தில் விக்டோரியா ராணிக்கு ஒரு சிலை இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கப் போகிற ஆயிரக்கணக்கான பேர் அதன் பக்கத்திலேயே நடந்து போகிறார்கள். அதுவும் போம் செய்ததுதான். ராணி பட்டத்துக்கு வந்த ஐம்பதாவது வருஷம், 1887, அதற்காக விசாகப்பட்டினத்து ஜமீன்தார் கோடே நாராயண கஜபதி ராவ் ஊருக்குக் கொடுத்த பரிசு அது.

பம்பாயில் 'காலா கோடா' என்று ஓர் இடம். கறுப்புக் குதிரை என்று அர்த்தம். வேல்ஸ் இளவரசர் எட்வர்டு (பின்னால் ஏழாம் எட்வர்டு) குதிரைமேல் வீற்றிருப்பதாக ஒரு சிலை. ஆல்பர்ட் சாசூன் என்ற யூத வியாபாரி பணம் போட, போம் செய்ய, 1879-ல் திறந்தார்கள். இளவரசர் என்று கம்பீரமாக வைத்த சிலையை பம்பாய்க்காரர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் பாருங்கள். மேலே உட்கார்ந்திருந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. குதிரை பெயரைத்தான் இடத்துக்கு வைத்தார்கள்.

1965-ல் சிலையை எடுத்து பைகுல்லாவில் உள்ள மிருகக்காட்சிசாலைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குதிரை போன பிறகும் இடத்துக்குப் பெயர் காலா கோடாதான். 2017-ல் அங்கே புதிதாக ஒரு கறுப்புக் குதிரையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை உஷாராக, மேலே யாரையும் உட்கார வைக்கவில்லை.

இந்த இளவரசருக்கும் எங்கள் திருப்பரங்குன்றத்துக்கும் ஒரு சின்ன சம்பந்தம் இருக்கிறது. 1875 டிசம்பரில் இலங்கையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து இறங்கி, ரயிலேறி மதுரை, திருச்சி வழியாக மெட்ராஸ் போனார். தூத்துக்குடியிலிருந்து மதுரை வருகிற தண்டவாளம் எங்கள் மலையை ஒட்டித்தான் போகிறது. ஆக, காலா கோடாவில் உட்காரப்போகிறவர் அதற்கு நாலு வருஷம் முன்னால் பரங்குன்றத்து மலையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போயிருக்க வேண்டும். தூங்கிக்கொண்டு போயிருந்தால் அது அவர் அதிர்ஷ்டம். அந்த லைனில் பாசஞ்சரில் போகிற எங்களுக்கும் அந்த இடத்தில்தான் கண்ணைச் சுழற்றும்.

* * *

இனி காசுக்கு வருவோம்.

அதே 1887 பொன்விழாவுக்காக ராணியின் முகத்தை நாணயங்களில் மாற்றுவது என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் காசுகளில் இருந்தது, பட்டத்துக்கு வந்த காலத்து இளம்பெண் முகம். ராணிக்கு அறுபத்தெட்டு வயதாகியும் காசில் மட்டும் இருபது தாண்டவில்லை. நம் சினிமா கதாநாயகர்கள் இதைப் படித்தால் பொறாமைப்படுவார்கள்.

போம் மாதிரி உரு செய்து கொடுத்தார். தலையில் முக்காடு, முக்காட்டின்மேல் ஒரு குட்டிக் கிரீடம். காசு வெளியே வந்ததும் லண்டனில் ஒரே சிரிப்பு. "இதென்ன, கிரீடமா, தலையில் உட்கார்ந்த குருவியா? ராணி லேசாகத் தும்மினால் விழுந்துவிடுமே!" என்கிற ரீதியில் கிண்டல்.

இதில் பாவம், போம் மேல் தப்பில்லை. அவர் பார்த்ததைத்தான் செய்தார். கணவர் இறந்தபின் முக்காடு போட்டுக்கொண்ட ராணிக்குப் பெரிய கிரீடத்தின் பாரம் ஒத்துக்கொள்ளவில்லை. 1870-ல் தனக்கென்று ஒரு சின்ன வைரக் கிரீடம் செய்துகொண்டார். ஆயிரத்துக்கு மேல் வைரம் பதித்தும் எடை நூற்றைம்பது கிராம்கூட வராது. நம் கணக்கில் சுமார் 18 பவுன் எடை. மதுரையில் ஓரளவு வசதியான கல்யாணத்தில் பெண் கழுத்தில் இதைவிட அதிகம் ஏறும். உள்ளதை உள்ளபடி காட்டினால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்பது சிற்பிகளுக்கும் பொருந்தும், ஆடிட்டர்களுக்கும் பொருந்தும்.

போதாக்குறைக்கு ஆறு பென்ஸ் வெள்ளிக் காசு ஒன்று காலை வாரிவிட்டது. அதன் பின்பக்கத்தில் போட்ட கேடயமும், காசின் அளவும் அரைச் சவரன் தங்கக் காசை அப்படியே ஒத்திருந்தன. முன்பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே தலை. விடுவார்களா நம்மாட்கள்? (நம்மாட்கள் எல்லா நாட்டிலும் உண்டு.) வெள்ளிக்காசுக்குத் தங்க முலாம் பூசி அரைச் சவரனாகத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். ஆறு பென்சைக் கொடுத்துப் பத்து ஷில்லிங்காக மாற்றுவது என்றால் ஒன்றுக்கு இருபது லாபம். அந்த வருஷமே அரசாங்கம் டிசைனை மாற்றிவிட்டது. 1893-ல் போமின் தலையையும் எடுத்துவிட்டு தாமஸ் பிராக் என்பவர் செய்த வேறு தலையைப் போட்டார்கள்.

காசு விஷயத்தில் இப்படி மானம் போனவர் போம் மட்டுமில்லை. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜுக்கு இந்திய ரூபாய் அடித்தார்கள். அதற்கு முகம் செய்தவர் பெர்ட்ரம் மக்கென்னல், ஆஸ்திரேலியச் சிற்பி, கைதேர்ந்தவர். ராஜாவின் அங்கியில் ஒரு பட்டயச் சங்கிலி, அதில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டது. அது யானையில்லை, பன்றி என்று ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 'பன்றி ரூபாய்' என்றே பெயராகி, காசைத் திரும்ப வாங்கி, 1912-ல் தும்பிக்கையை நீட்டிவிட்டுப் புதிதாக அடித்தார்கள். ஒரு நூலளவு தும்பிக்கைக்காக ஒரு சாம்ராஜ்யம் வியர்த்த கதை இது.

ஆனால் 1887 முதல் 1893 வரை லண்டனிலும், ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன் சாலைகளிலும் அடித்த சவரன்களில் போமின் ராணித் தலைதான். அவை கடல் தாண்டி வந்தன. நம் ஊர் வெள்ளி ரூபாயில் அந்தத் தலை ஏறவே இல்லை. தங்கத்தில்தான் வந்தது. லண்டன்காரன் பார்த்துச் சிரித்த அதே தலையை நம் பாட்டிமார் மஞ்சள் துணியில் முடிந்து, அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்தார்கள்.

* * *

என் பெரியம்மாவிடம் அப்படி மூன்று காசு இருந்தது. அவருடைய அம்மா கொடுத்தது. பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அதை உருக்கி ஒரு சங்கிலியில் சேர்த்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கிற பத்தரிடம் போனோம். கடைகளுக்குச் செய்து கொடுக்கிறவர். பெரியம்மா குடும்பத்துக்கு இரண்டு தலைமுறைப் பழக்கம்.

பத்தர் காசுகளைத் தட்டிப் பார்த்தார், உரைகல்லில் உரசினார், தராசில் வைத்தார். எனக்கு எழுத்துப் பைத்தியம் உண்டு என்பதால் அவருடைய லென்சை வாங்கி ராணியைப் பார்த்தேன். தோளுக்குக் கீழே, உருவம் முடிகிற விளிம்பில், கடுகைவிடச் சின்னதாக மூன்று இங்கிலீஷ் எழுத்து. ஜே, இ, பி. ஜோசப் எட்கர் போம்!

காசைத் திருப்பினால் குதிரைமேல் ஒருத்தர் ஒரு பாம்புப் பறவையை வதம் பண்ணுகிறார். அது செயின்ட் ஜார்ஜ். பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலிக்காரர் 1817-ல் செய்தது. அங்கேயும் கீழே பி, பி என்று இரண்டு எழுத்து. இங்கிலாந்து ராஜ்யத்தின் தங்கக் காசுக்கு முன்பக்கம் வியன்னாக்காரர், பின்பக்கம் ரோமாபுரிக்காரர். நடுவில் இருந்த தங்கம் மட்டும் எங்கே தோண்டியதோ.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் வேறு விதமாகத் தெரிந்தது. "சூரசம்ஹாரம் போட்டிருக்குனு எங்கம்மா சொல்லும்டா. மயிலுக்குப் பதிலா ஏன் குதிரைனு கேட்டா, வெள்ளைக்காரனுக்கு மயில் வரையத் தெரியாதும்பாங்க."

பரங்குன்றத்தில் பிறந்தவர்கள் வேறெப்படிப் பார்ப்பார்கள்? சூரனை முடித்துவிட்டு முருகன் தெய்வானையைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஊர் இது. கல்யாணத்துக்குப் பவுன் உருக்குவதற்குப் பொருத்தமான படம்தான்.

பத்தரிடம் லென்சைக் கொடுத்து எழுத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "முப்பது வருசமா இந்தக் காசை உருக்குறேன் தம்பி. எழுத்து இருக்குறதை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

"செஞ்சவரு பேரு" என்றேன்.

"செஞ்சவன் பேரையா போட்டாய்ங்க?" என்று மறுபடி லென்சை வைத்துக்கொண்டார். ராணி யாரென்று அவர் கேட்கவில்லை.

பெரியம்மா நேரடியாக விஷயத்துக்கு வந்தார். "இவரு செஞ்சதுங்கிறதுக்காக எடை கூடுமாடா?"

"கூடாது பெரியம்மா. சில வருஷத்துக் காசுக்கு சேகரிக்கிறவங்க கூடுதலாக் கொடுப்பாங்க. நம்மகிட்ட இருக்கிறது நிறைய அடிச்ச வருஷம். தங்க விலைதான் பெறும்."

"அப்ப உருக்கட்டும். பெட்டிக்குள்ள ராணி உக்காந்து என்ன பண்ணப்போறா? புள்ள கழுத்துல கெடக்கட்டும்."

மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்தத் தங்கம் அவருடைய அம்மா அவருக்குக் கொடுத்தது, அவர் பேத்திக்குக் கொடுக்கிறார். நடுவில் நானும் வியன்னாவும் எதற்கு? மூசையில் போட்டு பத்தர் ஊதியபோது முதலில் குதிரை போயிற்று, அப்புறம் கிரீடம், அப்புறம் முகம். கடைசியில் ஒரு சொட்டுச் சூரியன் மாதிரி தளதளவென்று நின்றது. எழுத்து எப்போது போயிற்று என்று நான் பார்க்கவில்லை. அது அத்தனை சின்னது.

சங்கிலி தயாரானபோது பத்தர் அதன் கொக்கியைக் காட்டினார். இப்போது ஹால்மார்க் நகையில் மூன்று விஷயம் பொறிக்கிறார்கள். பி.ஐ.எஸ். முத்திரை, '22கே916' என்று தரம், அப்புறம் ஹெச்.யு.ஐ.டி. என்று ஆறு எழுத்து-எண் கலந்த அடையாளம். 2023 ஏப்ரலிலிருந்து இந்த ஆறு எழுத்து இல்லாமல் கடைகள் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. வாங்குகிறவருக்கு இது நல்ல பாதுகாப்பு. தங்கம் எவ்வளவு சுத்தம், எங்கே சோதித்தது எல்லாம் அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

"இதுல உங்க பேரு எங்க இருக்கு?" என்று பத்தரிடம் கேட்டேன்.

சிரித்தார். "எம் பேரா? அது சேதாரத்துல போயிருச்சு தம்பி."

* * *

அன்றிலிருந்து எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனால் வேறொன்று கண்ணில் படுகிறது.

பரங்குன்றம் கோயில் கட்டியதில்லை, குடைந்தது. முருகன் மலைப் பாறையோடு பாறையாகச் செதுக்கிய உருவம். அதனால்தான் இங்கே அபிஷேகம் மூலவருக்குச் செய்வதில்லை, வேலுக்குத்தான். கோயில் குகையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கலி ஆண்டு 3874 என்று தேதியோடு. நம் கணக்கில் 773. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலம். அவனுடைய தளபதி சாத்தன் கணபதி கோயிலையும் குளத்தையும் திருப்பணி செய்ததும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் ஜ்யேஷ்டைக்கும் கோயில் எடுத்ததும் அதில் இருக்கிறது. ஆயிரத்து இருநூற்றைம்பது வருஷம் முன்னால் வாழ்ந்த ஒரு அம்மாளின் பெயர் நமக்குத் தெரிகிறது. சந்தோஷமான விஷயம்.

உளி பிடித்தது யார்? அது தெரியாது.

நாலைந்து மைல் தள்ளி கீழக்குயில்குடி சமணமலை. பாறையில் தீர்த்தங்கரர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அடியில் வட்டெழுத்தில் ஒவ்வொன்றாக இன்னார் 'செய்வித்த திருமேனி' என்று இருக்கிறது. தமிழ் இலக்கணத்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். 'செய்த' இல்லை, 'செய்வித்த'. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தபோது இது எதற்கென்று தெரியாமல் இருந்தது. பிறவினைக்காரர்தான் கல்லில் ஏறுகிறார். தன்வினைக்காரர் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

விதிவிலக்கு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சனின் பெயர் கல்லில் இருக்கிறது. கர்நாடகத்தில் பேலூர் கோயிலில் தாசோஜா போன்ற சிற்பிகள் தாங்கள் செய்த சிற்பத்தின் அடியிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடக்கம் கருதித்தான் நம் சிற்பிகள் பெயர் போடவில்லை என்று அடிக்கடி சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பெயர் போட இடம் கொடுத்த இடங்களில் அவர்கள் மறுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடக்கத்தை எப்போதும் கூலி வாங்குகிறவருக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

அதற்காக லண்டன்காரர்களைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். அந்தச் சவரனுக்கு மாதிரி உரு செய்தவர் போம். அதைப் பார்த்து எஃகு அச்சை வெட்டிக் கொடுத்தவர் நாணயச் சாலையிலிருந்த லெனார்டு வயான். அவர் எழுத்து காசில் இல்லை. போமின் ஸ்டூடியோவிலும் உதவியாளர்கள் வரிசையாக இருந்தார்கள். அத்தனை சிலைகளை ஒரே கை செய்ய முடியுமா? வெண்கலம் வார்த்தவர், சலவைக்கல் இழைத்தவர் பெயரெல்லாம் பீடத்தில் இல்லை. சேதாரம் எல்லா ஊரிலும் உண்டு.

போம் 1890 டிசம்பர் 12-ம் தேதி தன் ஸ்டூடியோவிலேயே திடீரென்று இறந்துபோனார். வயது ஐம்பத்தாறு. அன்று இளவரசி லூயிஸ் அங்கே இருந்தார் என்ற செய்தி கசிந்து, லண்டன் முழுக்க வதந்தி. கிசுகிசு எழுதுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ராணி அதையெல்லாம் காதில் வாங்காமல், அவரைச் செயின்ட் பால் கதீட்ரலில் அடக்கம் செய்ய வைத்தார். வெலிங்டன் அடங்கியிருக்கிற அதே இடம். சிலை செய்தவரும், சிலை ஆனவரும் இன்று ஒரே கூரையின் கீழ்.

* * *

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே விளாச்சேரி. கண்மாய் மண்ணைப் பிசைந்து, அச்சில் வைத்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, வர்ணம் பூசி பொம்மை செய்கிற ஊர். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, சதுர்த்திக்குப் பிள்ளையார், டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு குழந்தை ஏசு, ஆட்டுக்குட்டி, ஒட்டகம். எல்லாச் சாமிக்கும் ஒரே மண், ஒரே கை. போமும் முதலில் களிமண்ணில்தான் செய்வார். அதன்மேல் அச்செடுத்து அப்புறம்தான் வெண்கலம், வெள்ளி, தங்கம். தொழில் ஒன்றுதான். சம்பளமும் சமாதியும்தான் வேறு.

போன வருஷம் அங்கே ஒரு செட்டு வாங்கினேன். செய்த அம்மாவிடம், "பொம்மைக்கு அடியில் உங்க பேரை எழுதிக் குடுங்க" என்றேன். விலையைக் குறைக்க இது ஏதோ புதுத் தந்திரம் என்று நினைத்துவிட்டார். "பேரு எழுதுனா பத்து ரூவா கொறைக்கச் சொல்லுவியளா?" என்றார். இல்லை, கூட வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். நம்பாமல் பார்த்துவிட்டு, வர்ணம் தொட்ட தூரிகையாலேயே செட்டியார் பொம்மையின் அடியில் எழுதிக் கொடுத்தார். நல்ல கையெழுத்து. கொலு பார்க்க வந்தவர்களில் ஒருத்தர் பாக்கியில்லாமல் செட்டியாரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். அடுத்த வருஷத்துக்கு இரண்டு ஆர்டரும் போயிற்று.

வீட்டில் பாட்டியிடம் பழைய பவுன் இருந்தால் ஒரு தடவை கேட்டு வாங்கி, நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1887-லிருந்து 1893 வரை வருஷம் போட்டிருந்து, தலையில் குட்டிக் கிரீடம் இருந்தால், தோளுக்கடியில் மூன்று எழுத்து தெரிகிறதா என்று தேடுங்கள். பார்த்துவிட்டு மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வட்டியும் முதலும் மறந்த பேரன் என்பது பாட்டிக்கு ஏற்கெனவே தெரியும்.